தலைக்கு மேல் மஸ்கட்

ஜூன் 9, திங்கள்

இன்று முழுக்க அந்தோணியார் சிலைகளுக்குக் கண் எழுதினேன். வெள்ளிக்கிழமை திருநாள் என்பதால் சுரூபம் கேட்டு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். பட்டறைக்காரர் மரியதாஸ் அண்ணன் அச்சில் வார்த்து எடுத்துத் தருவார். முகம் எழுதுவது என் வேலை. கூலியோடு பட்டறையின் பின்மூலையும் எனக்கு உண்டு. சிற்பம் படித்து முடித்த இந்த ஒரு வருடத்தில் எனக்கென்று இருக்கும் இடம் அந்த மூலைதான்.

மதியம் போனில் செய்தி வந்தது. திருச்சி கன்டோன்மென்ட்டில் புதிதாகத் திறக்கப்போகும் கலைக்கூடத்தின் முதல் கண்காட்சிக்கு ஏழு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி. பொருள் ‘வழித்தடம்’. ஆகஸ்ட் 24 திறப்பு. ஏழு பேரில் ஒருவருக்கு அங்கேயே பயிற்றுநர் வேலை, மாதச் சம்பளத்தோடு.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். டீ பாய்லரைத் துலக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: “அந்த வேலை கெடச்சா ஜெசி திரும்பிப் போக வேணாம்ல?”

ஜெசிந்தா என் அக்கா. மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அப்பா இறந்த வருடம் போனாள். நான் அப்போது பிளஸ் ஒன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். முதலில் விமானம் ஏறியது அவள்.

போனை எடுத்தேன். அந்தக் கூடத்தின் படத்தைப் பார்த்தேன். கூரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வெளிச்சம் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போட்டி.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் நின்றேன். விமான நிலையத்துக்கு வெளியே வேன்கள் நிற்கும் இடத்தில் எங்கள் டீக்கடை. ஒருவர் வெளிநாடு போவதற்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். போகிறவர் உள்ளே போன பிறகும் இவர்கள் ஊர் திரும்புவதில்லை. டீ குடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நிற்பார்கள். விமானம் ஒன்று எழும்பினால் எல்லாரும் கையாட்டுவார்கள். அதன் பிறகுதான் வேன் கிளம்பும்.

எந்த விமானம் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலில் எழும்புவதற்குக் கையாட்டிவிடுவார்கள்.

இன்று ஒரு பெண் இடுப்பில் இருந்த குழந்தையிடம், “அந்தா பாரு, அப்பா போறாரு. டாட்டா சொல்லு, டாட்டா சொல்லு” என்றாள். குழந்தை டீக்கடைப் பன்னைப் பார்த்து டாட்டா சொன்னது.

“அது கொழும்புக்குப் போறது. அவரு போறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு” என்று அம்மா என் காதில் சொன்னாள். எந்த விமானம் எப்போது கிளம்பும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டாள். “ஆட்டிட்டுப் போகட்டும். ஆட்டுன கைய எறக்கச் சொல்றதா?”

நாங்களும் அப்படித்தான். கடை போடுவதற்கு முந்தைய காலம் அது. அக்காவை அனுப்பிவிட்டு, கையாட்டிவிட்டு, அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிட்டாயிற்று. அப்புறம் அக்கா போன் பண்ணினாள். “என்னம்மா பண்றீங்க? நான் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கேன். பிளைட்டு லேட்டாம்.”

இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்போம்.

ஜூன் 22, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ஒரு வரைபடம். சுவரில் மாட்டும் புடைப்புச் சிற்பம், கயிற்றுக்கட்டில் அளவுக்கு. இந்தப் பக்கம் சிங்கப்பூர், அந்தப் பக்கம் அரபு நாடுகள், நடுவில் நாம். நிலம் மேடு, கடல் பள்ளம். விமானம் போகும் வழிகளை லக்கேஜ் டேக்குகளால் ஒட்டுவேன். ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியிலிருந்து அதைப் பிய்த்து எங்கள் கடை வாசலில்தான் போடுவார்கள். அம்மா பெருக்கித் தள்ளுவதை இனி நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நிலத்துக்குக் காகிதக் கூழ். கல்லும் சிமெண்டும் என்னால் தூக்க முடியாது. பழைய பேப்பரை ஊற வைத்தாயிற்று. புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்தேன். வீடே நாறுகிறது. அம்மா மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு குழம்பு வைத்தாள்.

ஜூலை 3, வியாழன்

முறைப்படி என்றால் முதலில் களிமண்ணில் உருவம் செய்ய வேண்டும். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, அச்சுக்குள் கூழை அழுத்தி, காய்ந்ததும் உரித்து எடுக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய களிமண் பரப்பு இந்தக் காற்றில் தினமும் வெடிக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதனால் களிமண்ணை விட்டுவிட்டு, நான்கு பிளாஸ்டர் பலகைகளில் அச்சை நேராகவே குடையத் தொடங்கிவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே மேடாக வர வேண்டியதை இங்கே பள்ளமாகக் குடைய வேண்டும். மலை குழி, கடல் மேடு. எல்லாவற்றையும் கவிழ்த்து யோசிக்க வேண்டும். கல்லூரியில் இதில் நான்தான் கெட்டிக்காரி.

மரியதாஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, இட்லித் தட்டா?”

ஜூலை 13, ஞாயிறு

தினமும் பட்டறை வேலை முடிந்ததும் இருட்டும் வரை குடைகிறேன். கட்டைவிரலில் காய்ப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை முடிந்தது. இலங்கை முடிந்தது. மஸ்கட் கடற்கரை மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் பிளாஸ்டர் மிருதுவாக இருக்கிறது, நுணுக்கமாகச் செய்ய வருகிறது. வேறு காரணம் இல்லை.

அக்கா பேசினாள். வேலை பார்க்கும் வீட்டு மேடம் வெளியே போயிருக்கும்போதுதான் பேசுவாள், மொட்டை மாடியில் துணி காயப் போட்டபடி. காற்றில் துணி படபடக்கும் சத்தம் எப்போதும் கேட்கும்.

“டிக்கெட் போட்டாச்சுடி. ஆகஸ்ட் இருபத்திமூணு காலைல வந்துருவேன்.”

“எத்தனை நாள்?”

“திரும்புற டிக்கெட்டும் சேத்தே போட்டுட்டாங்க மேடம். செப்டம்பர் இருபத்தஞ்சு.”

அவளே கேட்டாள்: “நீ என்ன பண்ற?”

“ஒரு வேலை செய்றேன்.”

“சாப்டியா?”

“ம்.”

அவ்வளவுதான் பேசினோம்.

ஜூலை 24, வியாழன்

முதல் இரண்டு அச்சிலிருந்து காய்ந்த கூழை உரித்தேன். ஓரம்கூட உடையாமல் அழகாக வந்தது. இரண்டையும் சேர்த்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

நாகப்பட்டினம் இடது பக்கம் இருந்தது. மஸ்கட் வலது பக்கம்.

மேட்டையும் பள்ளத்தையும் கவிழ்த்து யோசித்த நான், இடத்தையும் வலத்தையும் கவிழ்க்க மறந்திருக்கிறேன். அச்சு கண்ணாடி மாதிரி, முகத்தைத் திருப்பித்தான் காட்டும். முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். களிமண்ணில் செய்திருந்தால் இது வந்திருக்காது. ஒரு படியைத் தாண்டியதற்கு இது.

மரியதாஸ் அண்ணன் வந்து நின்றார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். “ஏம்மா, துபாயத் தூக்கி பர்மாவுல வச்சிட்ட. நம்ம பசங்க எறங்கித் தேடப் போறாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “டீ சொல்லட்டா?” என்றார்.

ஜூலை 25, வெள்ளி

பட்டறைக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 26, சனி

போனேன். வேளாங்கண்ணி மாதா சுரூபங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாருக்கும் கண் எழுதினேன்.

புதிதாக நான்கு பலகை குடைய நாள் போதாது. விலகிக்கொள்கிறேன் என்று கலைக்கூடத்துக்கு ஒரு செய்தி அடித்தேன். அனுப்புவதற்கு முன் மீதி இரண்டு அச்சையும் பார்த்தேன். அவை என்ன பாவம் செய்தன? செய்தியை அழித்துவிட்டுக் கூழை எடுத்து அழுத்தத் தொடங்கினேன். தப்பாகவே இருந்தாலும் முழுசாக இருக்கட்டும். அதன் பிறகு யோசிப்பேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இதை மெதுவாக எழுத வேண்டும். கை இன்னும் ஈரமாக இருக்கிறது.

நான்கு துண்டையும் மூங்கில் சட்டத்தில் பொருத்தி, பட்டறைக்குப் பின்னால் வெயிலில் காய வைத்திருந்தேன். டேக்குகளையும் ஒட்டி முடித்திருந்தேன். நாலு மணி வாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் மழை. நானும் மரியதாஸ் அண்ணனும் ஓடினோம். சிற்பத்தின் முகத்தில் ஈரம் படக் கூடாது என்று அதைக் கவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால்.

அப்போது விமானம் ஒன்று எழும்பியது. எப்போதும்போல அண்ணாந்தேன். விமானம் தெரியவில்லை, என் வரைபடம்தான் தெரிந்தது. விமானத்தின் சத்தம் மேற்கே போயிற்று. என் தலைக்கு மேலே, மஸ்கட்டும் மேற்கே இருந்தது.

நின்றுவிட்டேன்.

“நடம்மா! கூழாக் கரையப் போகுது!”

“அண்ணே, ஒரு நிமிஷம். நாகப்பட்டினம் எந்தப் பக்கம்?”

“மழையில நிக்க வச்சு பூகோளமா கேக்குற?”

“சொல்லுங்கண்ணே.”

அவர் தலையை வலது பக்கம் ஆட்டினார். அது கிழக்கு. மேலே பார்த்தேன். என் நாகப்பட்டினமும் அதே பக்கம்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

கடையில் ஒரு பள்ளிக்கூட வரைபடம் வாங்கினேன். வெட்டவெளியில் நின்று, வடக்கை வடக்குப் பக்கமாக வைத்து, தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். நாகப்பட்டினம் மேற்கே போய்விட்டது, மஸ்கட் கிழக்கே வந்துவிட்டது. அது தப்பு. மரியதாஸ் அண்ணனும் நானுமாக என்னுடையதை அதே மாதிரி தூக்கிப் பிடித்தோம். எல்லா ஊரும் அதனதன் திசையில் இருந்தது.

வரைபடங்கள் எல்லாம் மேலிருந்து கீழே பார்ப்பவர்களுக்காகச் செய்தவை, விமானத்தில் போகிறவர்கள் பார்ப்பது போல. சுவர் ஓரமாக நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இதுவரை யாரும் செய்யவில்லை.

இதைச் சுவரில் மாட்டப் போவதில்லை. கூரையிலிருந்து தொங்கவிடுவேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படம் அனுப்பியிருந்தேன். பொறுப்பாளர் மிருதுளா மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார். “எமல்டா, வேலைப்பாடு அருமை. ஆனா மேப் திரும்பியிருக்கே? ஃபோட்டோதான் அப்படி வந்திருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்ப தப்பா?”

நான், “ம்… இல்ல மேடம்” என்றேன். அவர், “நேர்ல பாத்துட்டுச் சொல்றேன். ஆனா இப்படியே வைக்கிறது கஷ்டம்மா” என்று வைத்துவிட்டார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டறைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். மாதாக்கள் எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மரியதாஸ் அண்ணன் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே கம்பியில் கட்டி, வடக்கைச் சரிபார்த்துத் தொங்கவிட்டோம். அவர் ஏணியிலிருந்து இறங்கும்போது மிருதுளா மேடம் வந்தார். கூட இரண்டு பேர்.

மேடம் அண்ணாந்து பார்த்தார். கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். “எமல்டா, இந்தியா மேப்பைத் தப்பாப் போட்டாங்கன்னு நாளைக்கே யாராவது கெளப்புவாங்க. தெறக்கிற அன்னைக்கே அந்த வம்பு வேணாம். உன் வேற வேலை ஏதாவது இருந்தா வைக்கலாம். இதை எறக்கிடலாமா?”

மரியதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். ஏணி இன்னும் அங்கேயே இருந்தது.

பழகி வைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “எறக்க வேணாம் மேடம்” என்று மட்டும் சொன்னேன். என் குரல் அந்தக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது.

“ஏன்?”

“நீங்க கீழ வந்து நில்லுங்க. இங்க, நடுவுல.”

வந்து நின்றார்.

“சென்னை எங்க இருக்குன்னு மேல பாத்துக் கையக் காட்டுங்க.”

காட்டினார்.

“அப்படியே கைய எறக்காம, நெசமான சென்னை எந்தப் பக்கம்னு போன்ல திசை பாருங்க.”

மேடம் ஒரு கையை நீட்டியபடியே மறு கையால் போனை எடுத்தார். பார்த்தார். கையை இறக்காமலே கூட வந்தவரைக் கூப்பிட்டார். “நீ திருவனந்தபுரம்தானே? இங்க வா. உங்க ஊரக் காட்டு.”

அவர் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெயில் இருந்த பக்கமாக, நன்றாகத் தெற்கே தள்ளி.

“ஏர்போர்ட்டுக்கு வெளிய நின்னு டாட்டா காட்டுறவங்களுக்குச் செஞ்சது மேடம்” என்றேன். “அவங்க கீழதான் நிப்பாங்க.”

மேடம் வெகுநேரம் மேலே பார்த்தபடி இருந்தார். பிறகு, “கீழே நின்று பார்க்கவும்னு ஒரு பலகை மட்டும் வச்சிடலாம்” என்றார்.

வேலை எனக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வழியில் மரியதாஸ் அண்ணன், “உனக்கு வாய் இருக்குன்னு இத்தன நாள் சொல்லவே இல்லியே” என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். கை முழுக்கச் சோப்பில் வெந்த தடம். பெட்டியில் அவளுக்கென்று எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் என் கையை எடுத்துப் பார்த்து, “என்னடி, உனக்கும் இப்படி இருக்கு?” என்றாள்.

பெட்டியிலிருந்த டேக்கை அவளே பிய்க்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திறப்பு. கூட்டம் இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பிறகு ஒருவர் பலகையைப் படித்துவிட்டு மேலே பார்த்தார். அவர் மனைவி, “நம்ம பிரபு எங்க?” என்றார். “சிங்கப்பூர் அங்க. அந்தா, அந்தப் பக்கம்.” இரண்டு பேரும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார்கள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்கள்.

அக்காவை அம்மா கூட்டிவந்தாள். அக்கா நடுவில் நின்று அண்ணாந்தாள். திருச்சியைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து டேக் போகும் வழியே விரலை நகர்த்திக்கொண்டு போய், கடலைத் தாண்டி நின்றாள்.

“இவ்ளோ நுணுக்கமாவா செஞ்சிருக்க? அந்த மலைகூட இருக்கு. மாடியில நின்னா தெரியும்.” விரலை இறக்கவில்லை. “துணி காயப் போடும்போது நம்ம வீடு எந்தப் பக்கம்னு தெரியாம, சும்மா ஒரு பக்கமாப் பாத்துக்கிட்டு நிப்பேன்டி.”

“எந்தப் பக்கம் பாத்த?”

அவள் யோசித்தாள். மஸ்கட்டில் நிற்பது போலத் திரும்பி நின்று பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “கடலு இருக்கிற பக்கமெல்லாம் நம்ம ஊருன்னு நெனச்சிருக்கேன். வடக்கப் பாத்து நின்னிருக்கேன் போல.”

அம்மா அண்ணாந்து பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 4, வியாழன்

மிருதுளா மேடம் கூப்பிட்டார். வேலை எனக்கு. அக்டோபர் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

இனி அந்தக் கூரை வெளிச்சத்தில் வேலை செய்யலாம்.

அக்காவிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். “நல்லது” என்றாள். பிறகு, “எங்க மேடம்கிட்ட என்னன்னு சொல்றது?” என்றாள். ராத்திரி அவள் படுத்திருந்த பக்கம் விசும்பும் சத்தம் கேட்டது. நான் தூங்குவது போல இருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா தன் மேடத்திடம் பேசினாள். அந்தம்மா கத்தியது எனக்கே கேட்டது. அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பணிவாகத் தலையாட்டினாள், போனில் தெரியாது என்பதை மறந்து. கடைசியில், “இல்ல மேடம், வரல” என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

அக்கா விடியும் முன்னே எழுந்து குளித்துவிட்டாள். எதற்கென்று கேட்டதற்கு, “பழக்கதோஷம்” என்றாள். இன்றைக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டிய நாள்.

யாரும் சொல்லாமலே மூன்று பேரும் கடைக்குப் போனோம். வேன்கள் வந்திருந்தன. பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் டீ குடித்துக்கொண்டிருந்தது. அக்கா டம்ளர் கழுவினாள். விமானம் ஒன்று எழும்பியது. எல்லாரும் கையாட்டினார்கள். அக்காவும் கையைத் தூக்கினாள்.

“அது மஸ்கட் போறது இல்ல” என்றாள் அம்மா.

அக்கா கையை இறக்கிக்கொண்டாள். காத்திருந்தோம். வெயில் ஏறியது. டீ இரண்டு முறை தீர்ந்து மறுபடி போட்டோம்.

பிறகு அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். கடை போட்ட நாளிலிருந்து அவள் அந்தச் சுவர் ஓரம் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

“இதுதான்” என்றாள்.

விமானம் சுவருக்கு மேலே எழும்பியது. வயிற்றுப் பக்கம் பளபளத்தது. மேற்கே சாய்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கையாட்டினோம். அக்கா எக்கி எக்கி, இரண்டு கையாலும் ஆட்டினாள். அது புள்ளியாகிக் காணாமல் போகும் வரை யாரும் கையை இறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெரம்பலூர்ப் பெண் அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, “யாரு போறாங்க? வீட்டுக்காரரா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“யாரும் போகலக்கா” என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீ சாப்டுறீங்களா?” என்றாள்.